சன்னல் கம்பி தெரிய வேண்டும்

என் மகள் பூங்கொடிக்கு யானைக்கால் நோய் இல்லை. எப்போதும் இருந்ததும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் ரத்தத்தில் புழு இருப்பதாக ராசிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கப் பேசினார்கள். வெண்ணந்தூரில் என் பிறந்த வீட்டுப் பக்கம் இன்னும் பேசுகிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையிலிருந்த அம்மாள் ரசத்தைக் கையில் ஏந்தியபடியே, "ஏனுங்க, உங்க புள்ளைக்கு அந்தப் புழு போயிருச்சுங்களா?" என்று கேட்டார். இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லி மாளாது. நான் பழைய எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், எழுத வரும். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று தன் குழந்தை சொல்லும்போது இன்னொரு தாய்க்கு இது உதவினாலும் போதும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பூங்கொடி ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக வலி வரும், போகும். சூடு என்றார்கள். இளநீர் கொடுத்தேன், வாழைத்தண்டுச் சாறு பிழிந்து கொடுத்தேன், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க வைத்தேன். அவள் முனகுவாள்: "அம்மா, தண்ணி குடிச்சாத்தான் எச்சா வலிக்குது." தண்ணீர் குடித்தால் யாருக்காவது வலிக்குமா? குடிக்க அடம் பிடிக்கிறாள் என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு கொடுத்தேன். பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. காய்ச்சல் அனலாகக் கொதித்தது. ஊர் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "சேலத்துக்குக் கொண்டு போயிருங்க. கிட்னி சமாச்சாரம் மாதிரி இருக்குது" என்றார். கிட்னி என்ற சொல்லை அதுவரை நான் பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன்.

எங்கள் தொழிலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு நெய் வியாபாரம். சந்தைகளில் வெண்ணெய் வாங்கி, வீட்டின் பின்கட்டில் உருக்கி, டின்னில் அடைத்து வெளியூருக்கு லாரியில் அனுப்புவார். உருக்குவது ஆட்கள், டின் பார்ப்பது நான். புது டின் வந்ததும் ஒரு துணியைச் சூடான நெய்யில் தோய்த்து உள்பக்கம் முழுக்கத் தடவிக் கவிழ்த்து வைத்துவிடுவேன். துரு ஏறாது, நெய்யில் தகர வாசனையும் பிடிக்காது. எங்கள் தெருவில் எல்லா நெய் வீட்டிலும் அப்படித்தான். விடிந்தால் வாசல் தெளிப்பது போன்ற வேலை. செய்கிறவளுக்கும் நினைவிருக்காது, பார்க்கிறவருக்கும் கண்ணில் படாது.

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைச் சிறுநீர்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். பேராசிரியர் வருவார், காத்திருங்கள் என்றார்கள். அந்த வராந்தாவில் பெஞ்சுகள் முழுக்க ஆண்கள். பாதிப் பேர் இடுப்பில் குழாயும் பையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் நான் என் முந்தானையால் அவளை மறைத்துக்கொண்டே நின்றேன்.

அறைக்குள் போனதும் என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். காரணம் எனக்கும் தெரிந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த பேராசிரியர், முந்தின வருஷம் எங்கள் தெருவுக்கு ஜீப்பில் வந்த டாக்டர். மருத்துவ மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், சிறு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்து, சிறுநீர் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்டவர். தெருவே சிரித்தது. மூத்திர டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர், "நெய் கேளுங்க, ஒரு கிலோ சும்மாவே தாரேன். இதைக் கேட்டா நான் எங்கீங்க போவேன்?" என்று சொல்லித் தெருவை இன்னொரு முறை சிரிக்க வைத்தார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "வாங்க நெய்க்காரரே. இன்னைக்கு நீங்களே கொண்டு வந்திருக்கீங்க போல."

"அன்னைக்கு ஏதோ வெளையாட்டுக்குச் சொன்னதுங்க சாமி. மனசுல வெச்சுக்காதீங்க."

"உட்காருங்க. பொண்ணுக்கு என்ன?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் குடித்தால் வலி அதிகமாகிறது என்று அவள் சொல்வதையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு பூங்கொடியிடம் ஒரு கண்ணாடி டம்ளரில் சிறுநீர் பிடித்து வரச் சொன்னார். அதை வாங்கிச் சன்னலுக்கு நேராக உயர்த்திப் பிடித்தார்.

"அம்மா, இங்க வாங்க. இதுக்குப் பின்னாடி சன்னல் கம்பி தெரியுதா?"

தெரியவில்லை. கலங்கல் தண்ணீருக்குப் பின்னால் வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

"கம்பி தெரியணும். அதுதான் நல்ல மூத்திரம். இதுல சீழ் இருக்கு. இடது கிட்னியில கிருமி பிடிச்சிருக்கு. ஏன் பிடிச்சுதுன்னு பாக்கணும். சரியா பாக்காம விட்டா அந்தக் கிட்னி கெட்டுப் போகும்."

"கெட்டுப் போனா என்னங்க செய்யறது?" என்று கேட்டேன்.

"எடுத்துடணும்."

பூங்கொடி என் கையை இறுகப் பிடித்தாள். எந்தக் கை எந்தக் கையைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று வார்டில் படுக்கை இல்லை. மாத்திரை கொடுத்து, திங்கட்கிழமை வந்து சேருங்கள் என்றார்கள். வரும்போது ஒரு நாள் முழுவதும் வரும் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டு வர வேண்டும் என்று பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றையும் தந்தார்கள். சிறுநீரகம் ஒரு நாளில் எதை எதை எவ்வளவு வெளியே விடுகிறது என்று பார்ப்பதற்காக. அந்த ஜாடியை என் வீட்டுக்காரர் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நாமக்கல் பஸ்ஸில் ஏறினார். மல்லூர் தாண்டி ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். ஜாடி முன் இருக்கைக் கம்பியில் மோதி உடைந்தது.

அப்போதே நாங்கள் திரும்பிப் போய் இன்னொரு ஜாடி கேட்டிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் மாட்டேன் என்றார். "அவங்ககிட்டப் போயி மறுக்கா மூத்திர ஜாடி குடுங்கன்னு கேக்கச் சொல்றியா?" வீட்டில் இருக்கும் எந்தப் பாத்திரத்தையும் அதற்குக் கொடுக்க எங்கள் வீடுகளில் மனம் வராது, கொடுத்தால் பிறகு அந்தப் பாத்திரத்தை அடுப்படியில் சேர்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவரே பின்கட்டுக்குப் போய், இன்னும் நெய் ஊற்றாத புது டின் ஒன்றை எடுத்து வந்து குளியலறையில் வைத்தார். மகளுக்காகப் புது டின்னையே கொடுத்த மனிதர். எனக்கு அப்போது அவர் மேல் அன்புதான் வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிச் சோதனைக் கூடத்தில், சன்னலுக்கு உள்ளே இருந்த ஆள் டின்னிலிருந்ததைத் தங்களுடைய ஜாடியில் ஊற்றிக்கொண்டு டின்னைத் திருப்பித் தந்தார். "இதை அக்கட்டால கொண்டு போயிப் போடுங்க" என்றார். போட்டோம். வார்டில் சேர்ந்தோம்.

அன்று சாயங்காலமே பேராசிரியர் எங்கள் கட்டிலுக்கு வந்தார். வேகமாக வந்தார். கையில் அந்த ஜாடியிலிருந்து எடுத்த குழாய். அதில் இருந்தது பால் கலந்த தண்ணீர் போல வெளுத்திருந்தது. மேலே மெல்லிய ஆடை படிந்திருந்தது. அதில் ஏதோ மருந்தை ஊற்றிக் குலுக்கினார். வெண்மை குறைந்தது.

"கொழுப்பு," என்றார். "மருந்துல கரையுது, பாத்தீங்களா? கொழுப்பு!"

அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. என் மகளின் சிறுநீரைப் பார்த்து ஒரு மனிதர் சந்தோஷப்பட்டார். இந்த நோய் நாட்களில் நான் பயந்த எல்லாவற்றிலும் அந்தச் சிரிப்புக்குத்தான் அதிகம் பயந்தேன்.

பிறகு உட்கார்ந்து விளக்கினார். நாம் சாப்பிடும் கொழுப்பு உடம்புக்குள் ரத்தக் குழாயில் மட்டும் ஓடுவதில்லை. மயிரிழை மாதிரி வேறு குழாய்கள் இருக்கின்றன. யானைக்கால் நோயைத் தரும் புழு அந்தக் குழாய்களுக்குள் குடியிருந்து அடைத்துவிடும். காலில் அடைத்தால் கால் வீங்கும். வயிற்றுக்குள் அடைத்தால், குழாய் வெடித்துக் கொழுப்பு சிறுநீரகத்துக்குள் கசியும். சிறுநீர் பால் மாதிரி வரும்.

"புழுங்களா?" என்றார் என் வீட்டுக்காரர். "எம் புள்ளைக்குங்களா? அது கடக்கரை ஊரு நோவுங்களே, அங்க நாங்க போனதே இல்லீங்களே."

"அதுதான் முக்கியம்," என்றார் டாக்டர். "இந்தப் பக்கம் இது இல்லைன்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

அவர் கடலோர ஊர்க்காரர். அவருடைய அம்மாவுக்கு யானைக்கால். கோயிலுக்குப் போனால் கூட்டம் போன பிறகு கடைசியாக உள்ளே போவார்களாம். அதைப் பார்த்து வளர்ந்தவர் அறுவை மருத்துவம் படித்து, சீமைக்குப் போய்ச் சிறுநீர் நோய்களில் மேல்படிப்புப் படித்து, பெரிய சம்பளத்துக்கு அங்கே இருக்கலாம் என்றபோது எகிப்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போயிருக்கிறார். பல நாட்டு டாக்டர்கள் சேர்ந்து, ஏழை ஜனங்களுக்கு வரும் சிறுநீர் நோய்களைத் தேடிப் படிக்கிற வேலை. இப்போது மெட்ராஸில் கல்லூரியில் பாடம். மாதத்தில் பாதி நாள் சேலத்தில் இந்த ஆராய்ச்சி. இதெல்லாம் பூங்கொடி கேட்டுக் கேட்டு அவர் சொன்னது. காய்ச்சல் இறங்கியிருக்கும் நேரங்களில் அவள் அவரிடம் வாயாடுவாள்.

"ஏனுங்க டாக்டர், படிச்சுப்போட்டு உங்களுக்கு வேற வேலையே கெடைக்கலீங்களா?"

"கிடைச்சுது கண்ணு. இதுலதான் போட்டி இல்ல."

நைல் நதிப் பக்கம் சில கிராமங்களில் பையன்களுக்குச் சிறுநீரில் ரத்தம் வருமாம். ஊர்க்காரர்கள் அதை நோய் என்றே நினைப்பதில்லையாம். பையன் வயதுக்கு வந்துவிட்டான் என்று நினைப்பார்களாம். வாய்க்காலில் குளிக்கும்போது தோலைத் துளைத்து உள்ளே போகிற ஒரு புழுவின் வேலை அது என்றார். பூங்கொடி கண் விரியக் கேட்டாள். எனக்கு அன்று முழுவதும் உடம்பில் ஏதோ ஊர்வது போலவே இருந்தது.

அந்தப் புழுவின் குஞ்சுகள் ரத்தத்தில் ராத்திரியில்தான் தென்படும் என்று நடு இரவில் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. நான் சாமியைக் கும்பிட்டேன். டாக்டர், "கிடைக்கலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா" என்றார். இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்துக்கொண்டு, மேலே அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கொஞ்சம் வேகமாக வந்தால் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அவள் தூக்கத்திலேயே, "தொடாம படு" என்பாள்.

இன்னொன்றும் எங்களைப் பயமுறுத்தியது. மருந்துக் கடைக்கும் எக்ஸ்ரேக்கும் மற்றவர்கள் பணம் கட்டிக்கொண்டு நின்றபோது, எங்களிடம் பல சோதனைகளுக்குப் பணமே வாங்கவில்லை. ஆராய்ச்சிக் கணக்கு என்றார்கள். வியாபாரிக்கு இது புரியாது. "சும்மா ஒருத்தர் இத்தனை செய்யறாருன்னா, நம்மகிட்ட இருந்து எதை எடுக்கப் போறாரு?" என்று என் வீட்டுக்காரர் வராந்தாவில் என்னிடம் கேட்டார். மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பூங்கொடியைப் பார்த்தார்கள். ஒரு நாள் டாக்டரோடு ஒரு வெள்ளைக்காரரும் வந்தார். அவரும் இதே படிப்புக்காரராம். இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று இங்கிலீஷில் பேசினார்கள். என் பள்ளிக்கூட இங்கிலீஷுக்கு, முதல் தடவை, புது இடம் என்ற சொற்கள் மட்டும் பிடிபட்டன. என் பெண் அவர்களுக்கு ஒரு புது இடம்.

செய்தி வார்டுக்குள் பரவியது. பக்கத்துக் கட்டில் அம்மாள் தன் தண்ணீர்ப் பானையை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். எங்கள் டம்ளரை யாரும் தொடவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்று, கொண்டு வந்த பழத்தை நீட்டி வைத்துவிட்டுப் போனார்கள். அப்போது வெண்ணந்தூரிலிருந்து என் அண்ணன் மனைவி வந்தார். நங்கை என்று கூப்பிடுவேன். கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறவர். பூங்கொடி பாதி சாப்பிட்டு ஒதுக்கிய தட்டை இழுத்து, அதே சோற்றைப் பிசைந்து, வார்டு முழுக்கப் பார்க்கும்படி நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"என்ன எல்லாரும் பாக்கறீங்க? ஊறுகா இல்லாமத் திங்கறாளேன்னா? இருந்தா ஒரு துண்டு குடுங்க."

வார்டு நர்ஸ் எஸ்தர் சிஸ்டர் சிரித்துவிட்டார். பக்கத்துக் கட்டில் அம்மாள் தலையைக் குனிந்துகொண்டே ஊறுகாய் ஜாடியை நகர்த்தினார். அந்த நாட்களில் நான் வாய்விட்டு அழுதது அன்றுதான்.

காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. வார்டில் பிடித்த சிறுநீரில் சீழ்க் கலங்கல்தான் இருந்தது; பால் எப்போதாவதுதான் தெரியும் என்றார் டாக்டர். கையில் ஒரு மருந்தை ஏற்றி வரிசையாக எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த மருந்து சிறுநீரகத்தின் வழியாக இறங்கும்போது அதன் உருவம் படத்தில் வெள்ளையாக விழும். வலது பக்கம் சிறு பூ மாதிரி இருந்தது. இடது பக்கம் ஊதிய பை மாதிரி இருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து, "கசிஞ்ச கொழுப்பு உள்ளேயே உறைஞ்சு கட்டியாகி வழியை அடைச்சிருக்கு. அதனாலதான் வீக்கம்" என்றார். கசிகிற மெல்லிய குழாய்களை எல்லாம் சிறுநீரகத்தைச் சுற்றிலும் பிரித்து அறுத்துவிட வேண்டும், பெரிய ஆபரேஷன். திறந்து பார்க்கும்போது சிறுநீரகம் கெட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுவார்கள். வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள். என் வீட்டுக்காரர் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூட மறந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மை பரவியது. வியாழன் வரை அதே சட்டையோடுதான் இருந்தார்.

ஆபரேஷனுக்கு முன்னால் கடைசியாக ஒரு சோதனை. நிறைய நெய் விட்ட சோறும், வெண்ணெய் போட்ட பாலும் கொடுத்து, பிறகு வருகிற சிறுநீரைப் பார்ப்பார்கள். கொழுப்பு சாப்பிட்டால் கசிவு அதிகமாகி நன்றாக வெளுத்து வரும். அந்த நேரத்தில் மெல்லிய குழாய்க் கருவியை உள்ளே விட்டு, எந்தப் பக்கத்திலிருந்து பால் வருகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

"நல்ல நெய்யா வேணும்," என்றார் டாக்டர்.

பல நாள் கழித்து என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "அது ஒண்ணுக்குத்தானுங்க நாம ஆளு!" அன்றே ராசிபுரம் போய், முருங்கை இலை போட்டு உருக்கிய மணல் மணலான நெய்யைக் கொண்டு வந்தார். பூங்கொடிக்குப் பிறந்ததிலிருந்தே நெய் ஆகாது. நெய்க்காரர் மகள், நெய் என்றால் மூக்கைப் பிடிப்பாள்.

"சாமி, இன்னும் ஒரு வாய்," என்று மகளைக் கெஞ்சினார்.

"அப்பா, நீங்க இதை ஊருக்கெல்லாம் விக்கறது பாவமுங்க."

வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள். பிறகு வந்த சிறுநீரைச் சிஸ்டர் கண்ணாடி டம்ளரில் பிடித்துச் சன்னல் மேடையில் வைத்தார். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். அதற்குப் பின்னால் சன்னல் கம்பி தெரிந்தது. ஊசி மருந்தில் சீழும் குறைந்திருந்தது, பாலும் இல்லை. இரண்டாவது முறையும் தெளிவு. மூன்றாவது முறையும் தெளிவு.

"போயிருச்சுங்க டாக்டர்! சரியாப் போச்சுங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. டம்ளரை எடுத்துப் பார்த்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். பிறகு ஸ்டூலை இழுத்து எங்கள் முன்னால் உட்கார்ந்தார்.

"வீட்டுல இருந்து சேத்துக் கொண்டு வந்தீங்களே. அன்னைக்கு இவ என்ன சாப்பிட்டா?"

"கஞ்சியும் ரசமுந்தானுங்க," என்றேன்.

"கஞ்சி குடிச்ச அன்னைக்குப் பால் மாதிரி வந்தது, நெய் குடிச்ச அன்னைக்கு வரல. அப்படி வராதே. நாங்க குடுத்த ஜாடியிலதானே பிடிச்சீங்க?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "அது வந்துங்க... பஸ்ஸுல ஒடைஞ்சு போச்சுங்க. டின்னுல கொண்டு வந்தமுங்க. புத்தம் புது டின்னுங்க. ஒரு சொட்டு நெய் ஊத்தாத டின்னு."

"உள்ளே கழுவினீங்களா?"

"புதுசை எதுக்குங்க கழுவறது?"

கவிழ்த்து வைத்த டின்களும், அடுப்பு ஓரத்தில் கிடக்கும் நெய்த் துணியும் கண் முன்னால் வந்தன. "டாக்டர்," என்றேன். "புது டின்னுக்கு உள்ள நாங்க நெய் தடவி வெப்பமுங்க. துரு ஏறாம இருக்க. இவருக்கு அது நெனப்பிருக்காது. அந்த டின்னும் தடவுனதுதானுங்க."

இனி இவர் எங்களை வெளியே போகச் சொல்லிவிடுவார், இவருடைய ஆராய்ச்சியையே கெடுத்துவிட்டோம், கோபத்தில் குழந்தையைத் தொடமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி கட்டிய கிராமத்து ஆள் துண்டால் துடைப்பது போல முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"உலகம் பூரா போய், பாத்திரத்தைப் பாருங்க, முதல்ல பாத்திரத்தைப் பாருங்கன்னு பாடம் சொன்னவன் நான்," என்றார். "உங்க பாத்திரத்தைக் கேக்கல. ஏன்னா நான் இத்தனை வருஷமா தேடினது அதுல இருந்தது."

எழுந்து போய் எக்ஸ்ரே படத்தை எடுத்து வந்து சன்னலில் வைத்துப் பார்த்தார். எங்களையும் கூப்பிட்டார். சிறுநீரகப் பை முடிந்து குழாய் தொடங்கும் இடத்தை விரல் நகத்தால் காட்டினார். அங்கே வெள்ளை நூல் மாதிரி மெலிந்து, அற்றுப் போயிருந்தது.

"இங்க பிறவியிலேயே ஒரு சுருக்கம். தண்ணி நிறைய குடிச்சா இதுல இறங்க முடியாம பை உப்பும், வலிக்கும். முதல் நாளே நீங்க சொன்னீங்கம்மா. நான் எழுதியும் வெச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "புழு இல்ல. நான் செய்ய இருந்த ஆபரேஷன் இவளுக்குத் தேவையே இல்ல. அதைச் செஞ்சிருந்தா இந்தச் சுருக்கம் அப்படியே இருந்திருக்கும். கிட்னி போயிருக்கும்."

மறுநாள் அந்த வெள்ளைக்காரரைக் கட்டிலுக்கே கூட்டி வந்து, எங்கள் முன்னாலேயே சொன்னார். நெய், டின் என்ற இரண்டு சொல் எனக்குப் புரிந்தது. வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. பூங்கொடியின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது; ஆனால் வேறு ஆபரேஷன். சுருங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல குழாயை நல்ல பையோடு தைத்துச் சேர்ப்பது. சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தால் எடுத்தே ஆக வேண்டும். அந்தச் சம்மதக் கையெழுத்து அப்படியே நின்றது. எங்களால் போன நாட்களில் எவ்வளவு கெட்டதோ என்று அந்த நாட்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். தியேட்டர் கதவுக்கு வெளியே என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். நங்கை என் பக்கத்தில் உட்கார்ந்து, பேசிப் பேசிப் பழகின வாயை அன்று திறக்கவே இல்லை. என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு தள்ளுவண்டி வந்தது. அதன் கீழ்த்தட்டில் மூடி போட்ட பாத்திரம் ஒன்று இருந்தது. சிறுநீரகத்தை எடுத்து அதில்தான் கொண்டு போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. எழுந்து பின்னாலேயே ஓடினேன். "ஏனுங்க, அதுல என்னங்க? அதுல என்னங்க?" தள்ளிப் போனவர் திகைத்துப் போய் மூடியைத் திறந்து காட்டினார். ரத்தம் துடைத்த துணிகள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் வெளியே வந்தபோது என் வீட்டுக்காரர் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்தபடியே, "சொல்லுங்க சாமி" என்றார்.

"இருக்கு," என்றார் டாக்டர். "கொஞ்சம் மெலிஞ்சிருக்கு. ஆனா இருக்கு. வேலை செய்யும்."

அப்புறமும் பல நாள் விலாவிலிருந்து ஒரு குழாய் தொங்கியது. அதில் ரத்தமும் நீருமாக இறங்கியது. குழாயை எடுத்த காலையில் பூங்கொடி என் தோளைப் பிடித்து நடந்து போய்த் தானாகச் சிறுநீர் கழித்தாள். சிஸ்டர் டம்ளரில் வாங்கிக் கொடுத்தார். டாக்டர் அதை என் கையில் தந்து, "நீங்களே பாருங்க" என்றார். எனக்குக் கை நடுங்கியது. டம்ளரும் நடுங்கியது. கம்பியும் நடுங்கியது. ஆனால் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் அவர் ஜீப்பில் வந்தார். குப்பி எதுவும் கேட்கவில்லை. பின்கட்டுக்கு வந்து, நான் டின்னுக்கு நெய் தடவுவதைக் கைகட்டி நின்று பார்த்தார். தடவிய டின் ஒன்றை விலைக்குக் கேட்டார். என் வீட்டுக்காரர் நெய்யை நிரப்பிக் கொடுக்கப் போனார். வேண்டாம், காலி டின்தான் வேண்டும் என்றார். மெட்ராஸில் பாடம் நடத்தும் மேஜை மேல் அது இருக்கிறதாம். புது மாணவர்கள் வந்தால் முதல் நாள் அதற்குள் விரலை விட்டுப் பார்க்கச் சொல்வாராம்.

இப்போது பூங்கொடி சேலத்தில் கல்லூரி விடுதியில் இருந்து படிக்கிறாள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவாள். அவள் குளியலறைக்குப் போனால் நான் கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறேன். நிற்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்; கால் நகர மாட்டேன் என்கிறது. போன வாரமும் நின்றேன்.

"அம்மா, நிக்கறியா?"

சுவரோடு ஒட்டி நின்றேன்.

"உன்ற மூச்சுச் சத்தம் கேக்குது. போயி வேலையப் பாரு."

"எப்படியிருக்குதுன்னு சொல்லிப்போடு. போயர்றேன்."

கதவு திறந்தது. அவள் சலித்துக்கொண்டே அந்தக் கண்ணாடி டம்ளரை நீட்டினாள். அதற்கென்றே தனியாக ஒன்று குளியலறை மாடத்தில் இருக்கிறது. நான் அதைக் கூடத்துச் சன்னலுக்கு நேராகப் பிடித்தேன்.

"தெரியுதா?"

"இரு. மேகமா இருக்குது. வெளிச்சம் பத்தலை."

"அம்மா!"

மேகம் விலகும்வரை அப்படியே நின்றேன். அவளும் திட்டிக்கொண்டே என் தோளில் மோவாயை வைத்து நின்றாள். பிறகு வெயில் வந்தது.